மரவள்ளித் தேமல் வைரஸ்: பிளாஸ்ட்டில் இரண்டு பெயர் வருகிறது, எதை எழுதுவது?

குச்சிக்கிழங்கு_ஆத்தூர் கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் இறுதியாண்டு புராஜெக்ட் சம்பந்தமான கேள்வி. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கத்து மரவள்ளிக் காடுகளில் தேமல் அடித்த இலைகளை எடுத்து, டி.என்.ஏ. பிரித்து, டெங் பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டு) ஜோடியில் பி.சி.ஆர். போட்டிருக்கிறோம். 530 பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) வாக்கில் பேண்ட் வந்தது. சாங்கர் சீக்வென்ஸிங் முடிந்து ஃபைலும் வந்துவிட்டது.

என்.சி.பி.ஐ. (அமெரிக்க அரசின் ஜீன் தகவல் தளம்) பிளாஸ்ட்டில் (சீக்வென்ஸை ஒப்பிட்டுத் தேடும் கருவி) போட்டால் மேலே நாலைந்து வரிகள் ஸ்ரீலங்கன் கசாவா மொசைக் வைரஸ். நடுவில் இந்தியன் கசாவா மொசைக் வைரஸ். திரும்பவும் ஸ்ரீலங்கன். ஐடென்டிட்டி எல்லாம் 96, 97, 98 என்று ஒட்டி ஒட்டி நிற்கிறது. எந்தப் பெயரை எழுதுவது?

இரண்டாவது, எங்களிடம் உள்ள ரகங்களில் தேமலைத் தாங்கும் சி.எம்.டி.2 ஜீன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார் கைடு. மரவள்ளி ஜீனோம் என்று தேடினால் வந்து விழுகிற பதிவுகளில் எதைத் திறப்பது என்றே தெரியவில்லை.

மூன்றாவது கேள்வி கூடப் படிக்கும் தோழிக்காக. அவர் ஏற்காடு காபியில் காஃபீன் ஜீன் பார்க்கிறார். ஒரு ஜீனைத் தேடினால் அதே ஜீன் இரண்டு குரோமோசோமில் வருகிறதாம். டேட்டாபேஸில் தப்பா?

வெள்ளை_ஈ:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அந்த 530 பேஸை வைத்துக்கொண்டு வைரஸ் பெயரை எழுதாதீர்கள். இலையில் பெகோமோவைரஸ் (தேமல் வைரஸ்கள் சேர்ந்த பேரினம்) இருக்கிறது என்பதற்கு அது போதும், அதற்கு மேல் போதாது.

காரணம் இதுதான். மரவள்ளித் தேமல் வைரஸுக்கு ஜீனோம் இரண்டு வளையம்: டி.என்.ஏ.-ஏ, டி.என்.ஏ.-பி. ஒவ்வொன்றும் சுமார் 2,700 பேஸ். ஏ வளையத்தில் முன்னோக்கிய இழையில் ஏவி1, ஏவி2 ஜீன்கள். ஏவி1தான் கோட் புரோட்டீன். எதிர் இழையில் ஏசி1 முதல் ஏசி4 வரை. உங்கள் டெங் ஜோடி அடிப்பது வளையத்தின் தொடக்கப் புள்ளியிலிருந்து ஏவி2 வழியாக ஏவி1-இன் முன்பகுதி வரைக்கும்தான், ஐந்தில் ஒரு பங்கு. கோட் புரோட்டீன் பகுதி இந்தக் குடும்பத்திலேயே அதிகம் மாறாத பகுதி. இனம் பிரிக்க வேண்டுமென்றால் அதிகம் மாறுகிற இடம் வேண்டும். நீங்கள் எடுத்திருப்பது நேர் எதிரான இடம். போதாததற்கு, இந்த வைரஸ்கள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்ளும். முன்பாதி ஒரு வைரஸ், பின்பாதி இன்னொன்று என்று ஒரே வளையத்தில் இருக்கலாம்.

வைரஸ் வகைப்பாட்டுக் குழுவின் விதி தெளிவானது. டி.என்.ஏ.-ஏ முழு நீளத்தையும் ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே பெயர் உள்ள இனத்தோடு 91 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்தால் அதே இனம். 94-க்கு மேல் ஒத்தால் அதே ஸ்ட்ரெய்ன் (இனத்துக்குள் உட்பிரிவு). டி.என்.ஏ.-பி-யை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். ஸ்ரீலங்கன் வைரஸின் பி வளையம், இந்தியன் வைரஸின் பி-யிலிருந்து வந்தது என்பதற்கு 2002-லேயே ஆதாரம் காட்டிவிட்டார்கள். அதனால் பி-யைப் போட்டால் இரண்டு பெயரும் நெருக்கமாகத்தான் வரும்.

பிளாஸ்ட்டில் நடுவில் நுழைந்த அந்த "இந்தியன்" பதிவுகளைத் திறந்து பாருங்கள். நீளம் 500, 700 பேஸ் என்று இருந்தால், அதை ஏற்றியவரும் உங்களைப் போலவே துண்டை வைத்துப் பெயரிட்டவர். ஜென்பேங்க் ஒரு கிட்டங்கி. ஏற்றியவர் ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கும், யாரும் பிரித்துச் சரிபார்ப்பதில்லை.

ஆகவே ஒப்பிட எடுக்கும் பதிவுகளை இப்படி வடிகட்டுங்கள். என்.சி.பி.ஐ. நியூக்ளியோடைடு பக்கத்தில் வைரஸின் பெயரைத் தேடியபின் இடப்பக்கப் பட்டியலில் சீக்வென்ஸ் நீளம் என்று இருக்கும். அதில் 2600 முதல் 2900 வரை என்று கொடுத்தால் துண்டுகள் எல்லாம் கழிந்துவிடும். மீதி இருப்பதில் தலைப்பு வரியைப் படித்து டி.என்.ஏ.-ஏ மட்டும் எடுங்கள். இரண்டு வளையமும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதால் நீளம் மட்டும் பார்த்தால் பி-யும் சேர்ந்து வந்துவிடும். மூலப் பதிவுகளாக ஸ்ரீலங்கனுக்கு ஏஜே314737, இந்தியனுக்கு இசட்24758 இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தேடும்போது முன்னெழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்கவும். பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி, கேரளம் என்று இடம் குறிப்பிட்ட பதிவுகளில் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழு வளையம் எடுக்க வழி: ஃபை29 என்சைம் கொண்டு ரோலிங் சர்க்கிள் முறையில் பெருக்கி, வளையத்தை ஒரே இடத்தில் மட்டும் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமால் வெட்டுங்கள். ஜெல்லில் 2.7 கிலோபேஸில் ஒற்றைப் பேண்ட் வரவேண்டும். ஏ-யும் பி-யும் ஒரே உயரத்தில் ஓடும். குளோன் செய்து படித்தால்தான் எது எது என்று தெரியும். 1.2-ம் 1.5-ம் என்று இரண்டு பேண்ட் வந்தால் அந்த என்சைம் இரண்டு இடத்தில் வெட்டுகிறது, வேறு என்சைம் பாருங்கள்.

அதுவரைக்கும் கையில் உள்ள ஃபைலையாவது சுத்தம் செய்யுங்கள். குரோமேட்டோகிராமை (சீக்வென்ஸிங்கின் சிகர வரைபடம்) திறந்து பார்க்காமல், கம்பெனி அனுப்பிய எழுத்துக் கோப்பை அப்படியே பிளாஸ்ட்டில் ஒட்டுவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். முதல் 30 முதல் 50 பேஸ் குழம்பியே இருக்கும், வெட்டுங்கள். பிரைமர் விழுந்த இடத்தையும் வெட்டுங்கள். டெங் பிரைமர் டிஜெனரேட் பிரைமர் (சில இடங்களில் பல எழுத்துகள் கலந்தது). அந்த இடத்தில் நீங்கள் படிப்பது வைரஸின் எழுத்தை அல்ல, பிரைமரின் எழுத்தை. குளோன் செய்து படித்திருந்தால் வெக்ஸ்க்ரீனில் ஒருமுறை ஓட்டி வெக்டர் (குளோன் செய்யும்போது சுமந்த டி.என்.ஏ.) எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜீன்_தேடி:

வெள்ளை_ஈ சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. பிளாஸ்ட் முடிவில் ஐடென்டிட்டியை மட்டும் பார்க்காதீர்கள், கொரி கவரேஜையும் சேர்த்துப் பாருங்கள். 99 சதவீத ஐடென்டிட்டி, 40 சதவீத கவரேஜ் என்றால் நீங்கள் கொடுத்ததில் பாதிக்கு மேல் பொருந்தவே இல்லை என்று பொருள்.

இன்னொன்று, டிஃபால்ட்டாக ஓடுவது மெகாபிளாஸ்ட். அது தொடர்ந்து 28 எழுத்து அச்சாக ஒத்தால்தான் தேடலையே தொடங்கும். ஒரே இனத்துக்குள் தேட அது சரி. தூரத்து உறவு வைரஸையும் பார்க்க வேண்டுமென்றால் பிளாஸ்ட்என் என்று மாற்றுங்கள், அங்கே 11 எழுத்து போதும்.

இனி மரவள்ளி ஜீனோம்.

ஜீனோம் என்று தேடாமல், அசெம்பிளியை (துண்டுகளைக் கோத்துக் கட்டிய ஜீனோம் பதிப்பு) தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். என்.சி.பி.ஐ. டேட்டாசெட்ஸில் மனிஹாட் எஸ்குலென்டா என்று கொடுத்தால் பல அசெம்பிளிகள் வரும். அதில் ரெஃபரன்ஸ் என்று பச்சைக் குறி உள்ளதை எடுங்கள்: ஏஎம்560-2 என்ற வரிசையின் 8-ஆம் பதிப்பு. 18 குரோமோசோம், சுமார் 640 மெகாபேஸ். எண்ணின் முன்னெழுத்து ஜிசிஎஃப் என்றால் ரெஃப்சீக் (என்.சி.பி.ஐ. தொகுத்த) பதிப்பு, ஜிசிஏ என்றால் ஜென்பேங்க் (ஏற்றியவர் கொடுத்த) பதிப்பு. சீக்வென்ஸ் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் ஜீன்களுக்கு என்.சி.பி.ஐ. தானாகக் குறித்த பெயர்ப் பட்டியல் ஜிசிஎஃப்-இல்தான் இருக்கும். முழு ஃபாஸ்டாவை (சீக்வென்ஸ் எழுத்துக் கோப்பு) இறக்கி நோட்பேடில் திறக்கப் பார்க்காதீர்கள், 4 ஜிபி ரேம் உள்ள லேப் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஜீன்.

சி.எம்.டி.2 என்பது ஜீனின் பெயர் அல்ல, 12-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு இடத்துக்கு வைத்த பெயர். அந்த இடத்தில் வேலை செய்யும் ஜீன் டி.என்.ஏ. பாலிமரேஸ் டெல்டாவின் முதல் துணையலகு என்று 2022-இல் கண்டுபிடித்தார்கள். எம்இபிஓஎல்டி1 என்று எழுதுவார்கள். ஃபைட்டோசோம் என்ற தாவர ஜீனோம் தளத்தில் அதற்குப் பெயர் மேனெஸ்.12ஜி077400. அதில் 12ஜி என்பது குரோமோசோம் எண். என்.சி.பி.ஐ.-யில் அதே ஜீன் எல்ஓசி என்று தொடங்கும் வேறொரு எண்ணில் இருக்கும். ஒரு தளத்துப் பெயரை இன்னொரு தளத்தில் போட்டால் ஒன்றும் வராது, ஜீன் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபைட்டோசோமில் இலவசக் கணக்கு தொடங்கி, புரோட்டீன் சீக்வென்ஸை எடுத்து, என்.சி.பி.ஐ.-யில் மரவள்ளிக்கு மட்டும் என்று வரையறுத்து (டேக்ஸ்ஐடி 3983) பிளாஸ்ட்பி (புரோட்டீன் தேடல்) போட்டால் எல்ஓசி எண் கிடைக்கும். அது 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

டி.என்.ஏ.-வாகத் தேடப் போனால் இன்னொரு சிக்கல். 2024 முதல் நியூக்ளியோடைடு பிளாஸ்ட்டின் டிஃபால்ட் டேட்டாபேஸ் கோர்-என்டி. தாவரம், விலங்குகளின் முழுக் குரோமோசோம்கள் பெரும்பாலும் அதில் இல்லை. எம்.ஆர்.என்.ஏ. பதிவுகள் மட்டும் வரும். இன்ட்ரான் பகுதியை (எம்.ஆர்.என்.ஏ.-வில் நீக்கப்படுவது) கொடுத்தால் பொருத்தமே இல்லை என்று சொல்லும். டேட்டாபேஸை ரெஃப்சீக் ஜீனோம்ஸ் என்று மாற்றுங்கள், அல்லது அசெம்பிளி பக்கத்திலேயே உள்ள பிளாஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

ஜீன் பக்கம் கிடைத்ததும் அதன் ஜீனோம் பகுதியை ஃபாஸ்டாவாகத் திறக்கலாம். வலப்பக்கம் பகுதியை மாற்றும் பெட்டி இருக்கும். புரமோட்டரும் (ஜீனுக்கு முன்னால் அதை இயக்கும் பகுதி) வேண்டுமென்றால் 1,500 அல்லது 2,000 பேஸ் கூட்டிக்கொள்ளுங்கள். கவனம்: ஜீன் எதிர் இழையில் இருந்தால் அதன் முன்பகுதி பெரிய எண் பக்கம் இருக்கும். சின்ன எண்ணைக் குறைத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஜீனுக்குப் பின்னால் உள்ள பகுதி. எதிர் நிரப்பியை (பின்னிருந்து, ஜோடி எழுத்தாக மாற்றி எழுதியது) காட்டு என்ற டிக்கையும் போட மறக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஜீன் இருக்கிறதா என்று பி.சி.ஆர். போட்டுப் பேண்ட் வந்ததும் "எங்கள் ரகத்தில் சி.எம்.டி.2 இருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். டி.என்.ஏ. பாலிமரேஸ் டெல்டா இல்லாமல் எந்த மரவள்ளியும் செல் பிரியாது. எல்லா ரகத்திலும் அந்த ஜீன் இருக்கும், எல்லாவற்றிலும் பேண்ட் வரும். தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் வித்தியாசம் ஜீனுக்குள் ஒற்றை எழுத்து மாற்றம். அந்த எழுத்து உள்ள எக்ஸானை (எம்.ஆர்.என்.ஏ.-வில் மிஞ்சும் ஜீன் பகுதி) சீக்வென்ஸ் செய்து எழுத்தைப் பார்த்தால்தான் பதில். அப்போதும் ஒன்று நினைவிருக்கட்டும். சி.எம்.டி.2 மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகங்களில் கண்டது. உங்கள் ரகம் நோயைத் தாங்குகிறது, ஆனால் அந்த எழுத்து மாறவில்லை என்றால் பதற வேண்டாம். காட்டு மரவள்ளி மனிஹாட் கிளாசியோவியிலிருந்து வந்த சி.எம்.டி.1 போல வேறு வழிகளும் உண்டு.

பிரைமர் வடிவமைக்க பிரைமர்-பிளாஸ்ட் போதும். ஆனால் அந்தப் பக்கம் திறக்கும்போதே உயிரினம் மனிதன், டேட்டாபேஸ் ரெஃப்சீக் எம்.ஆர்.என்.ஏ. என்று இருக்கும். இரண்டையும் மாற்றாமல் விட்டால், உங்கள் பிரைமர் மனித எம்.ஆர்.என்.ஏ.-வில் வேறெங்கும் ஒட்டாது என்றுதான் அது உறுதி சொல்லும், மரவள்ளிக்கு அதனால் பயனில்லை. உயிரினத்தை மரவள்ளி என்றும், டேட்டாபேஸை ஜீனோம் என்றும் மாற்றுங்கள். எக்ஸ்எம் என்று தொடங்கும் பதிவை டெம்ப்ளேட்டாகக் கொடுக்காதீர்கள். அது இன்ட்ரான் நீக்கிய எம்.ஆர்.என்.ஏ., அதுவும் கம்ப்யூட்டர் கணித்தது. இரண்டு எக்ஸான் சேரும் இடத்தில் பிரைமர் விழுந்தால் இலை டி.என்.ஏ.-வில் ஒட்ட இடமே இருக்காது. இரண்டு பிரைமருக்கும் நடுவில் 2,000 பேஸ் இன்ட்ரான் கிடந்தால் எக்ஸ்டென்ஷன் நேரம் போதாமல் பேண்ட் வராது. ஜீனோம் ஃபாஸ்டாவைக் கொடுத்து, எக்ஸானின் இருபக்கமும் இன்ட்ரானுக்குள் 60 முதல் 100 பேஸ் தள்ளிப் பிரைமர் வையுங்கள். சாங்கரில் முதல் 50 பேஸ் வீணாகும் என்பதற்கு அதுவே ஈடு.

கடைசியாக, 6-ஆம் பதிப்பை வைத்து எழுதிய கட்டுரையில் உள்ள குரோமோசோம் எண்ணிடத்தை 8-ஆம் பதிப்பில் போய்த் தேடாதீர்கள். லட்சக்கணக்கில் நகர்ந்திருக்கும். கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டியது எழுத்து மாற்றத்தைச் சுற்றியுள்ள 50 பேஸ், அல்லது ஜீன் பெயர். எண்ணிடம் அல்ல.

குச்சிக்கிழங்கு_ஆத்தூர்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. துறையில் முந்தைய பேட்ச் குளோன் செய்து வைத்த முழு நீள டி.என்.ஏ.-ஏ ஒன்று இருக்கிறது, 2,7xx பேஸ். அதை ஏஜே314737-ஓடு மெகா மென்பொருளில் அலைன் செய்தேன். பிளாஸ்ட் 97 சதவீதம் என்கிறது. மெகாவில் 60 சொச்சம்தான் வருகிறது. எது சரி?

வெள்ளை_ஈ:

பிளாஸ்ட் சரி. உங்கள் அலைன்மென்ட் தப்பான இடத்தில் தொடங்குகிறது.

வளையத்தை நேர்கோடாக எழுத எங்கேயாவது வெட்ட வேண்டும். குளோன் செய்தவர் என்சைம் வெட்டிய இடத்திலிருந்து எழுதியிருப்பார். ஜென்பேங்க் பதிவு மரபுப்படி வேறு இடத்தில் தொடங்கும். பிளாஸ்ட் துண்டு துண்டாகப் பொருத்தும், அதனால் இரண்டு துண்டாக 97 காட்டிவிட்டது. முடிவுப் பட்டியலில் மேக்ஸ் ஸ்கோரும் டோட்டல் ஸ்கோரும் வேறு வேறாக இருக்கும் பாருங்கள், அதுதான் அடையாளம். மெகா முதலிலிருந்து கடைசிவரை நீட்டிப் பொருத்தப் பார்க்கும். உங்கள் 1-ஆம் பேஸ் அங்கே 1,100-ஆம் பேஸாக இருந்தால் தடுமாறத்தான் செய்யும்.

திருத்துவது சுலபம். இந்த வைரஸ் குடும்பம் முழுக்க மாறாத ஒன்பது எழுத்து உண்டு: டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி. வளையம் நகலாகும்போது ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவில்தான் வெட்டு விழும். எண்ணிக்கை அங்கிருந்து தொடங்கும். சரியாக எழுதிய பதிவு ஏ-சி என்று தொடங்கி, டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி என்று முடியும். ஏஜே314737-இன் முதல் வரியையும் கடைசி வரியையும் இப்போதே திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஃபைலில் அந்த ஒன்பது எழுத்தைத் தேடி, எட்டாவது எழுத்துக்கு முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டிக் கடைசியில் ஒட்டுங்கள். வெட்டி ஒட்டியபின் மொத்த நீளம் ஒரு எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். ஃபாஸ்டாவில் 60 அல்லது 70 எழுத்துக்கு ஒரு வரி உடையும். ஒன்பது எழுத்து இரண்டு வரியில் பிரிந்து கிடந்தால் நோட்பேட் கண்டுபிடிக்காது. முதலில் வரி முறிவுகளை நீக்குங்கள். அல்லது எதிர் இழை எழுதப்பட்டிருக்கலாம். அப்போது ஜி-டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ என்று தேடுங்கள். கிடைத்தால் முழுவதையும் எதிர் நிரப்பியாக மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அல்லது வளையத்தின் வெட்டே அந்த ஒன்பது எழுத்துக்குள் விழுந்திருக்கலாம், இது அபூர்வம். கடைசி எட்டு எழுத்தை முன்னால் சேர்த்துத் தேடினால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை. என்.சி.பி.ஐ. ஓ.ஆர்.எஃப். ஃபைண்டரில் (புரோட்டீன் எழுதும் பகுதிகளைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்டால் முன்னிழையில் சுமார் 770 பேஸ் நீளத்தில் கோட் புரோட்டீன் உடையாமல் வரவேண்டும், எதிர் இழையில் ஆயிரத்துக்கு மேல் ஏசி1. ஏசி1 நடுவில் நின்றுவிட்டால் உண்மையான மாற்றம் என்று குதிக்க வேண்டாம். பெரும்பாலும் சாங்கரில் ஒரே எழுத்து ஐந்தாறு தடவை வரும் இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ படித்திருக்கும். குரோமேட்டோகிராமில் அந்த இடத்தைப் பாருங்கள்.

சதவீதம் எழுத எஸ்.டி.டி. என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள், மஸ்கிள் என்று தேர்வு செய்து. 91 சதவீத விதி அந்த முறையில் கணக்கிட்டது. பிளாஸ்ட் சதவீதத்தை அட்டவணையில் போட்டால் வைவாவில் கேட்பார்கள்.

நிழல்மரம்:

பிளாஸ்ட் முடிவிலேயே சீக்வென்ஸ்களின் உறவு மரம் வரைந்து காட்டும் பொத்தான் இருக்கே, புராஜெக்டுக்கு அது போதாதா? மெகா, எஸ்.டி.டி. என்று எதற்கு இவ்வளவு சுற்று?

ஜீன்_தேடி:

ஒரு பார்வைக்குப் போதும். ஆனால் அந்த மரத்தில் பூட்ஸ்ட்ராப் எண் (கிளை எவ்வளவு நம்பகம் என்பது) கிடையாது. அவுட்குரூப்பும் (ஒப்பிட வைக்கும் வெளி உறவு) நீங்கள் வைத்ததல்ல, பிளாஸ்ட் பிடித்த பதிவுகள் மட்டும். எம்.எஸ்சி. அறிக்கையில் அதைப் படமாக ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெகாவில் முழு டி.என்.ஏ.-ஏ 20 பதிவு, 1,000 பூட்ஸ்ட்ராப், அவுட்குரூப்பாக ஆப்பிரிக்கன் கசாவா மொசைக் வைரஸ் ஒன்று. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

சில்வர்_ஓக்_ஏற்காடு:

காபிக் கேள்விக்கு வருகிறேன். டேட்டாபேஸில் தப்பில்லை. அரபிகாவுக்கு அப்படித்தான் வரவேண்டும்.

அரபிகா இரண்டு காபி இனம் சேர்ந்து உண்டான செடி. ஒன்று ரொபஸ்டா என்கிற கனெஃபோரா, இன்னொன்று யூஜெனியாய்டிஸ். ரொபஸ்டாவுக்கு 22 குரோமோசோம், அரபிகாவுக்கு 44. ஆகவே கிட்டத்தட்ட எல்லா ஜீனும் இரண்டு பிரதியாக, இரண்டு துணை ஜீனோமில் இருக்கும். என்.சி.பி.ஐ.-யில் உள்ள காரா 1.0 அசெம்பிளியில் குரோமோசோம் பெயரைப் பார்த்தாலே புரியும்: 1சி, 1இ, 2சி, 2இ என்று 11 வரை. சி கனெஃபோரா பக்கம், இ யூஜெனியாய்டிஸ் பக்கம். உங்கள் தோழிக்கு ஒரே எண்ணில் சி-யும் இ-யும் வந்திருந்தால் அது ஜோடிப் பிரதி, எல்லாம் சரியாக இருக்கிறது.

காஃபீனில் சிக்கல் அதோடு நிற்காது. காஃபீன் செய்ய மூன்று மீத்தைல் சேர்க்கும் என்சைம்கள்: எக்ஸ்எம்டி, எம்எக்ஸ்எம்டி, டிஎக்ஸ்எம்டி. முதலாவது சாந்தோசினில் தொடங்குகிறது, இரண்டாவது தியோபுரோமின் வரை கொண்டுவருகிறது, மூன்றாவது அதைக் காஃபீனாக்குகிறது. மூன்று புரோட்டீனும் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்தவை. நீளம்கூட 372, 378, 384 அமினோ அமிலம் என்று பக்கத்தில் பக்கத்தில். ஒன்றைப் போட்டால் மூன்றும் வரும், ஒவ்வொன்றும் சி-யிலும் இ-யிலும் வரும், போதாததற்கு வேலை செய்யாத உறவு ஜீன்களும் வரும். பிளாஸ்ட் பட்டியலில் மேலே வந்ததை எடுத்துக்கொண்டு இதுதான் டிஎக்ஸ்எம்டி என்று எழுதுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

செய்ய வேண்டியது: யூனிபுராட் என்ற புரோட்டீன் தளத்தில் "ரிவ்யூட்" குறி உள்ள மூன்று புரோட்டீன்களை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்சைமின் வேலையை ஆய்வகத்தில் சோதித்துப் பெயரிட்டவை. ஜீனோமில் கிடைத்த எல்லா உறவு ஜீன்களையும் அந்த மூன்றோடு சேர்த்து மரம் வரைந்தால், எது எந்தக் கிளையில் உட்காருகிறது என்று தெரியும். பெயரைக் கிளையைப் பார்த்து வைக்க வேண்டும். என்.சி.பி.ஐ.-யில் எக்ஸ்பி என்று தொடங்கும் பதிவின் தலைப்பில் உள்ள பெயர் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு வைத்தது, இந்த மாதிரி நெருங்கிய குடும்பத்தில் அதை நம்ப முடியாது.

பிரைமர் வைக்கும்போது ஆறு சீக்வென்ஸையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அலைன் செய்து, வேண்டிய பிரதியில் மட்டும் மாறுகிற எழுத்து பிரைமரின் 3 பிரைம் முனையில் கடைசி எழுத்தாக வரும்படி வையுங்கள். நடுவில் வித்தியாசம் இருந்தால் போதாது, அந்தப் பிரைமர் இரண்டு பிரதியிலும் ஒட்டிவிடும். இரண்டும் சேர்ந்து பெருகினால் குரோமேட்டோகிராமில் ஒரே இடத்தில் இரட்டைச் சிகரம் வரும். அதைச் செடி ஹெட்டரோசைகஸ் (ஒரே ஜீனின் இரு வேறு வடிவம் கொண்டது) என்று படித்துவிடக் கூடாது.

நம்ம மலைக்கான ஒரு எச்சரிக்கையும் உண்டு. காரா 1.0 கட்டூரா ரகத்தின் ஜீனோம். சேர்வராயன் மலையில் எடுக்கும் மாதிரி எஸ்.795 ஆக இருந்தால், அதன் பரம்பரையில் லிபெரிகா காபியின் ரத்தம் இருக்கிறது. இலைத்துரு நோயைத் தாங்கும் எஸ்ஹெச்3 அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பகுதிக்குக் கட்டூராவில் ஜோடி கிடையாது. ரெஃபரன்ஸோடு பொருந்தாத சீக்வென்ஸ் வந்தால் கலப்படம் என்று தூக்கிப் போடாமல், லிபெரிகா பதிவுகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்டேட்டில் செடியின் ரகம் என்ன என்று மாதிரி எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே பிளாக்கில் பழைய எஸ்.795-உம் புதிதாக நட்ட வேறு ரகமும் கலந்து நிற்கும்.

நிழல்மரம்:

அக்கா, இதே முறையில் சேர்வராயன் மலைக்கே உரிய வெர்னோனியா செவராயென்சிஸ் மரத்தையும் பார்க்க முடியுமா?

சில்வர்_ஓக்_ஏற்காடு:

முழு ஜீனோம் எதிர்பார்த்துத் தேடாதீங்க. முதலில் என்.சி.பி.ஐ. டேக்ஸானமியில் பெயரைப் போடுங்கள். அந்த மரம் இப்போது மோனோசிஸ் செவராயென்சிஸ் என்றும் வழங்குகிறது, இரண்டு பெயரிலும் தேட வேண்டும். இப்படிப்பட்ட செடிக்கு ஆர்பிசிஎல், மேட்கே, ஐடிஎஸ் போன்ற பார்கோடு துண்டுகளைத்தான் (இனத்தை அடையாளம் காட்டும் குட்டிப் பகுதிகள்) தேடிப் பார்க்க வேண்டும், போல்டு என்ற பார்கோடு தளத்திலும் சேர்த்துப் பாருங்கள். நீங்களே மாதிரி எடுப்பதானால் ஹெர்பேரியம் தாள் (உலர்த்திய செடி ஒட்டியது) ஒன்று செய்து அதன் எண்ணோடு பதிவு செய்யுங்கள். தாள் இல்லாத பார்கோடை நாளைக்கு யாரும் சரிபார்க்க முடியாது. காப்புக்காட்டுக்குள் இலை பறிக்க வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்கணும்.

குச்சிக்கிழங்கு_ஆத்தூர்:

ஒன்பது எழுத்தும் எதிர் இழையில் இருந்தது! திருப்பி, வெட்டி ஒட்டி, எஸ்.டி.டி.-யில் போட்டேன். ஸ்ரீலங்கனோடு 97, இந்தியனோடு 91-க்குக் கீழே தெளிவாக விலகி நிற்கிறது. இதை ஜென்பேங்க்கில் நாங்களே ஏற்றலாமா? கைடு ஏற்றச் சொல்கிறார், ஆனால் கட்டுரை வரும்வரை வெளியே தெரியக்கூடாது என்கிறார்.

வெள்ளை_ஈ:

ஏற்றலாம். ஒன்றிரண்டு சீக்வென்ஸுக்கு பேங்க்இட் (ஜென்பேங்க்கில் ஏற்றும் இணையப் படிவம்) போதும். வெளியிடும் தேதியை அங்கேயே தள்ளிவைக்கலாம். அக்சஷன் எண் (பதிவு எண்) கைக்கு வந்துவிடும், பதிவு அந்தத் தேதி வரை மூடியிருக்கும். ஆனால் அதற்கு முன்பே கட்டுரையில் எண் வெளியாகிவிட்டால் உடனே திறந்துவிடுவார்கள்.

வடிவத்தில் வட்டம் என்று தேர்வு செய்யுங்கள், நேர்கோடு அல்ல. ஹோஸ்ட் மனிஹாட் எஸ்குலென்டா, ஐசொலேட் பெயர், எடுத்த தேதி, இடம் நான்கும் வேண்டும். பழைய வழிகாட்டிகளில் நாடு என்று இருக்கும் புலம் 2024-இல் பெயர் மாறிவிட்டது, இப்போது ஜியோ லொகேஷன் நேம். அதில் வெறும் இந்தியா என்று விடாமல் தமிழ்நாடு, சேலம், ஆத்தூர் என்று ஊர்வரை எழுதுங்கள். முந்தைய பேட்ச் குளோன் என்றால் இலை எடுத்த ஊரும் தேதியும் அவர்கள் நோட்டில் இருக்கும், அதைத்தான் போட வேண்டும், நீங்கள் ஏற்றும் தேதியை அல்ல. ஜீன்களைக் குறிக்கும்போது ஏசி1 முதல் ஏசி4 வரை எதிர் இழை என்று மறக்காமல் குறியுங்கள். அதை விட்டால் மொழிபெயர்ப்பில் நடுநடுவே ஸ்டாப் கோடான் (புரோட்டீனை நிறுத்தும் குறி) வந்து, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.